வீரன் வீட்டு வாசல் வரை ஓடட்டும்!

2016-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 3-ந் தேதி.

இமயமலையின் வடகோடியில் சியாச்சின் என்ற பனிமலை. அங்கே 19 ஆயிரத்து 600 அடி உயரத்தில் இந்திய ராணுவத்தின் ஒரு காவல் சாவடி.

அது எவ்வளவு உயரம்? தேனிக்காரர்களுக்குப் போடிமெட்டு தெரியும். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் சுமார் 4 ஆயிரத்து 500 அடி உயரம். அப்படி நாலு போடிமெட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்தச் சாவடியின் உயரம் வராது!

அங்கே 10 வீரர்கள் காவல் இருந்தார்கள். எல்லோரும் மதராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாளத்தில் பணி செய்தவர்கள்.

அன்று மலை போன்ற பனிப்பாளம் ஒன்று சரிந்து விழுந்தது. 10 பேரும் அதில் புதைந்து போனார்கள்.

அந்த 10 பேரில் ஒருவர், லான்ஸ் ஹவில்தார் எஸ்.குமார். அவருக்குச் சொந்த ஊர் தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கம் உள்ள குமணன்தொழு.

குமணன் என்றால் யார்? நாடி வந்த புலவருக்குத் தன் தலையையே கொடுக்கத் துணிந்த வள்ளல். அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் ஊரில் இருந்து போன பிள்ளை, நாட்டுக்காகத் தன் உயிரையே கொடுத்து விட்டார்.

150-க்கும் மேற்பட்ட வீரர்கள் இரவும் பகலும் பனியைத் தோண்டினார்கள். பனி, சிமெண்டுத் தளம் போல இறுகிக் கிடந்தது. மோப்ப நாய்கள் இடம் காட்டின. 6-வது நாள் கர்நாடக வீரர் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு கிடைத்தார். நாடே அவருக்காக வேண்டிக் கொண்டது. ஆனால் பிப்ரவரி 11-ந் தேதி டெல்லி ராணுவ ஆஸ்பத்திரியில் அவரும் கண்ணை மூடி விட்டார்.

சியாச்சினில் எதிரியின் குண்டை விடக் குளிர்தான் பெரிய எதிரி. 1984-ம் ஆண்டில் இந்திய ராணுவம் அங்கே கால் வைத்தது. அன்று முதல் குண்டு பட்டு இறந்தவர்களை விட, பனியாலும் குளிராலும் இறந்தவர்களே அதிகம்.

அங்கே வீரனுக்கு வேண்டிய முதல் ஆயுதம் துப்பாக்கி அல்ல. தாங்கும் சக்தி! மூச்சு முட்டினாலும், விரல் மரத்துப் போனாலும், இடத்தை விட்டு அகலாத சக்தி.

மாலை மட்டும் போதுமா?

அப்படி உயிர் விட்டவர்களை எப்படிக் கொண்டாடுவது?

மாலை போடலாம். மாலை ஒரு நாளில் வாடிவிடும். ஊர் நடுவே பெரிய தட்டி வைக்கலாம். ஒரு மாதத்தில் காற்றில் கிழிந்து விடும். மேடை போட்டுப் பேசலாம். மைக்செட்டு நின்றதும் பேச்சும் மறந்து போகும்.

இன்னொரு வழி இருக்கிறது. அதுதான் ஓட்டம்.

வீரர்களின் நினைவாக ஓடுவதும், நெடுந்தூரம் நடப்பதும், சைக்கிள் மிதிப்பதும், மலை ஏறுவதும் இப்போது பல நாடுகளில் நடக்கின்றன. நம் நாட்டிலும் நடக்கின்றன. ஓடுகிறவர் தன் உடம்பை வருத்திக் கொள்கிறார். வேர்வை வழிகிறது. கால் வலிக்கிறது. போதும், உட்கார்ந்து விடலாம் என்று மனம் சொல்கிறது. அந்த நேரத்தில்தான் ஒரு நினைப்பு வருகிறது. இந்தச் சின்ன ஓட்டத்துக்கே இப்படி என்றால், பனியில் மாதக் கணக்கில் நின்றவன் என்ன பாடு பட்டிருப்பான்?

ஆயிரம் மேடைப் பேச்சு சொல்லித் தராத பாடத்தை ஒரு மைல் ஓட்டம் சொல்லித் தந்து விடும்.

ஒரு மைல் என்பது சும்மா சொன்ன கணக்கு அல்ல. பட்டாளத்தில் சேர வருகிறவர்களுக்கு வைக்கும் ஓட்டச் சோதனை 1.6 கிலோ மீட்டர். ஆண்கள் அதை 5½ நிமிடத்துக்குள் ஓடி முடித்தால் முழு மார்க்கு. பெண்களுக்கும் அதே தூரம்தான். நேரம் மட்டும் கொஞ்சம் கூடுதல். இது தவிர, ஆண்கள் 9 அடி பள்ளத்தையும் தாண்ட வேண்டும்.

குமணன்தொழு குமாரும் ஒருநாள் அப்படி ஓடித்தான் பட்டாளத்துக்குப் போயிருப்பார். ஒவ்வொரு சிப்பாயின் கதையும் ஓர் ஓட்டத்தில்தான் தொடங்குகிறது.

கால் போனது, ஓட்டம் போகவில்லை

இந்த வழியை உலகத்துக்குக் காட்டியவர்களே காயம் பட்ட போர் வீரர்கள்தான்.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்று ஓர் ஊர். இரண்டாவது உலகப் போரில் முதுகெலும்பு முறிந்த வீரர்கள் அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். குட்மன் என்ற டாக்டர் அவர்களைப் படுக்கையில் கிடக்க விடவில்லை. விளையாட வைத்தார். 1948-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி லண்டனில் ஒலிம்பிக் போட்டி தொடங்கியது. அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அந்த ஆஸ்பத்திரியில் வில் வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். அந்தச் சின்னப் போட்டிதான் வளர்ந்து, இன்று உலகமே பார்க்கும் பாராலிம்பிக் போட்டியாக நிற்கிறது.

நம் நாட்டிலும் அப்படிப்பட்ட வீரர்கள் உண்டு.

மராட்டியத்தைச் சேர்ந்த முரளிகாந்த் பேட்கர், ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965-ம் ஆண்டு பாகிஸ்தான் போரில் அவர் உடம்பில் குண்டுகள் பாய்ந்தன. இடுப்புக்குக் கீழே செயல் இல்லை. ஆனால் அவர் மனம் உடையவில்லை. நீச்சலில் இறங்கினார். 1972-ம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் தூரத்தை 37.33 வினாடியில் நீந்தித் தங்கப் பதக்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான்!

அவருக்குப் பத்மஸ்ரீ விருது எப்போது கிடைத்தது? 2018-ம் ஆண்டில். 46 ஆண்டுகள் கழித்து!

இன்னொருவர், மேஜர் டி.பி.சிங். 1999-ம் ஆண்டு கார்கில் போரின்போது ஜூலை 15-ந் தேதி அவர் அருகே குண்டு வெடித்தது. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தவர்கள், உயிர் போய் விட்டது என்றே முடிவு செய்தார்கள். வேறொரு டாக்டர்தான் உயிர் ஒட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார். உயிர் பிழைத்தது. வலது கால் போய் விட்டது. 10 ஆண்டுகள் கழித்து, 2009-ம் ஆண்டு, அதே மனிதர் செயற்கைக் காலோடு டெல்லியில் 21 கிலோ மீட்டர் மாரத்தான் ஓடினார்!

இரண்டு காலும் நன்றாக இருப்பவர்கள் ஒரு மைல் ஓடக் கூடாதா?

பதக்கம் யார் கழுத்தில்?

ஆனால் ஒரு சங்கடமும் இருக்கிறது.

வீரர்கள் பெயரைச் சொல்லி நடக்கும் ஓட்டங்களில் சில, எங்கே முடிகின்றன? ஒரு மைதானத்தில் முடிகின்றன. ஓடியவருக்குப் பனியன் உண்டு. பதக்கம் உண்டு. போட்டோ உண்டு. வீரனைப் பெற்ற தாய், கூட்டத்தில் ஓர் ஓரத்தில் நிற்பார். சில சமயம் அவரை அழைக்கவே மறந்து போவார்கள்.

உயிரைக் கொடுத்தவன் ஒருவன். பதக்கம் வாங்குகிறவன் இன்னொருவன். இது நியாயமா?

ஓடியவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஓட்டம் நல்லது. ஆனால் ஓட்டம் போய்ச் சேரும் இடம் சரியாக இருக்க வேண்டும்.

சரியான இடம் எது? வீரன் வீட்டு வாசல்!

இதைச் செய்து காட்டிய ஒரு மனிதர் உண்டு. அவர் பெங்களூரைச் சேர்ந்த உமேஷ் கோபிநாத் ஜாதவ். 2019-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி காஷ்மீரில் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீரர்கள் 40 பேர் வெடிகுண்டுத் தாக்குதலில் மாண்டார்கள். அவர்களில் 2 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜாதவ் தன் காரை எடுத்துக் கொண்டு கிளம்பினார். ஊர் ஊராகப் போய், 40 வீரர்களின் குடும்பங்களையும் தேடிப் பிடித்தார். அவர்கள் ஊரில் ஒரு பிடி மண் எடுத்தார். இப்படி 61 ஆயிரம் கிலோ மீட்டர் சுற்றினார். சரியாக ஒரு வருடம் கழித்து, வீரர்கள் விழுந்த இடத்துக்கு அருகே அந்த மண்ணைக் கொண்டு போய் ஒப்படைத்தார்.

அவர் யாரையும் முந்தவில்லை. அவருக்குப் போட்டி யாரும் இல்லை. 40 வாசல்களில் போய் நின்றார். அதுதான் அவர் வாங்கிய பரிசு.

வாசலில் என்ன செய்வது?

கம்பம் பள்ளத்தாக்கிலும் தேனி மாவட்டத்தின் மற்ற ஊர்களிலும் இதைச் செய்யலாம். பெரிய செலவு வேண்டாம்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 3-ந் தேதி, வெயில் ஏறும் முன்னே, ஊருக்கு ஊர் 1.6 கிலோ மீட்டர் ஓடட்டும். கம்பத்தில் ஓடட்டும். கூடலூரில் ஓடட்டும். சின்னமனூரில், உத்தமபாளையத்தில், போடியில் ஓடட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடட்டும். தாய்மார்களும் பெரியவர்களும் நடந்து வரட்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் வேண்டாம்.

ஓட்டம் முடியும் இடம், அந்த ஊரில் உயிர் நீத்த வீரரின் வீடாக இருக்கட்டும். அப்படி ஒருவர் இல்லை என்றால், வயதான முன்னாள் படைவீரர் ஒருவரின் வீடாக இருக்கட்டும்.

முதலில் அந்த வீட்டாரிடம் போய்ச் சம்மதம் கேட்க வேண்டும். துக்கம் சுமந்த எல்லாக் குடும்பமும் கூட்டத்தை விரும்பாது. அவர்கள் வேண்டாம் என்றால், அந்தத் தெருமுனையில் ஒரு நிமிடம் மவுனமாக நின்று திரும்பி விடலாம். அதுவும் மரியாதைதான்.

சரி என்றால், வாசலில் என்ன செய்வது?

உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்க வேண்டும். அந்த வீரர் சின்ன வயதில் எப்படி இருந்தார் என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் அதைக் காதால் கேட்க வேண்டும்.

பிறகு இன்னொன்றும் கேட்க வேண்டும். பென்ஷன் ஒழுங்காக வருகிறதா? எழுதிக் கொடுக்க வேண்டிய மனு எதுவும் பாக்கி இருக்கிறதா? படிக்கத் தெரிந்த பிள்ளை படித்துச் சொல்லலாம். எழுதத் தெரிந்த பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். முன்னாள் படைவீரர் நலனுக்கு என்று அரசாங்க அலுவலகம் இருக்கிறது. தனியே போகத் தயங்கும் மூதாட்டியை யாராவது ஒருவர் கைபிடித்து அழைத்துப் போகலாம்.

டிசம்பர் 7-ந் தேதி கொடி நாள். 1949-ம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அன்று உண்டியலில் போடும் காசு, முன்னாள் படைவீரர்களின் குடும்பங்களுக்குப் பயன்படுகிறது. காசு கொடுப்பது நல்ல காரியம். வாசலுக்கே போய்ப் பார்ப்பது அதைவிட நல்ல காரியம்.

வீரம் வேறு, துணிச்சல் வேறு

ஓர் எச்சரிக்கையும் தேவை.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதியைத் தேனி மாவட்டம் மறக்காது. குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின. மீட்புப் பணிக்கு விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் கமாண்டோ வீரர்களும் வந்தார்கள்.

ஆகவே, மலை ஏறித்தான் வீரரைக் கொண்டாட வேண்டும் என்பது இல்லை. சமதளமான ரோடு போதும். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே ஓட வேண்டும். வழியில் தண்ணீர் வைக்க வேண்டும். போலீசாரிடம் முன்கூட்டியே சொல்லி, வண்டிகளை ஒதுக்க வேண்டும். பயிற்சி, ஒழுங்கு, கூட வருகிறவனைக் கைவிடாமை, இவைதான் பட்டாளத்தின் பாடம். விழுந்தவனைத் தாண்டி ஓடுவது வீரம் அல்ல. தூக்கி விட்டு ஓடுவதே வீரம்!

பள்ளத்தாக்கு மறக்காது

நன்றி மறக்காத மண் என்று கம்பம் பள்ளத்தாக்குக்குப் பெயர் உண்டு.

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் யார்? அவரும் ராணுவ உடுப்பு அணிந்தவர்தான். என்ஜினீயர் படையின் கர்னல். அவருக்கு 8 வயது நிரம்பும் முன்பே, 1849-ம் ஆண்டு சிலியன்வாலா போரில் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டார்கள். அணை வேலையிலும் மதராஸ் பயனியர் பட்டாளத்து வீரர்கள் உழைத்தார்கள். வெள்ளம் வந்தது. காய்ச்சல் வந்தது. பலர் அந்தக் காட்டிலேயே உயிரை விட்டார்கள். 1895-ம் ஆண்டு அணை எழுந்தது. பள்ளத்தாக்கு பச்சைப் பசேல் என்று ஆனது.

அதற்குப் பிறகு 125 ஆண்டுகளுக்கு மேல் ஓடி விட்டன. இன்றும் அவர் பிறந்த நாளான ஜனவரி 15-ந் தேதி இங்கே பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயர் சூட்டுகிறார்கள். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் நிற்கிறது.

கடல் கடந்த நாட்டுக்காரருக்கு இத்தனை நன்றி காட்டும் மண், தன் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குக் காட்டாதா?

ஜனவரியில் பொங்கல் பானை பொங்கட்டும். பிப்ரவரியில் பிள்ளைகளின் கால்கள் ஓடட்டும். அந்தக் கால்கள் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கட்டும். "என் பிள்ளையை இந்த ஊர் மறக்கவில்லை" என்று ஒரு தாய் நினைத்தால், அதைவிடப் பெரிய பதக்கம் எது?