பூக்கட்டும் கையும் ஒரு ரப்பர் பந்தும்

வண்டியூர்ல எங்க எதிர்வீட்டு அத்தை (சொந்தம் இல்லை, தெருவுக்கே அத்தை) ரொம்ப வருஷமா பூக்கட்டி விக்கிறவங்க. நம்மகிட்ட பேசிக்கிட்டே, கையைப் பார்க்காமலே மல்லியைக் கட்டுவாங்க. போன வருஷம் பக்கவாதம் வந்துடுச்சு. நடை ஓரளவு திரும்பிடுச்சு. வலது கைவிரல்கள் மட்டும் மடங்கியே இருக்கு.

யாரோ ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து "அமுக்கிக்கிட்டே இருங்க"ன்னு சொல்லிட்டாங்க. போன வாரம் ஊருக்குப் போனப்ப அத்தை கேட்டாங்க: "ஏய்யா, பந்தை அமுக்க வருதுய்யா. விடத்தான் வரல. நாரை விட்டாத்தானே அடுத்த பூவை எடுக்க முடியும்?"

அத்தை கேட்டது ரொம்ப சரியான கேள்வி. பக்கவாதத்துக்கு அப்புறம் பலருக்கு விரலை மடக்கும் தசைகள் விறைச்சுக்கும். நீட்டும் தசைகள் பலவீனமாகிடும். பிடிக்கிறதைவிட விடுறதுதான் பெரும்பாடு. பந்தோ, ஏற்கெனவே மடங்கின பக்கத்துக்கே பயிற்சி கொடுக்குது! அதனால கருவி செய்யறவங்க முதல்ல கேட்க வேண்டியது, "இந்தக் கை என்ன வேலைக்குத் திரும்பணும்?" என்பதைத்தான்.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் 1948-ல் தொழுநோயால் மடங்கின விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்த ஆரம்பிச்சார். விரல் நிமிர்ந்தா மட்டும் பிழைப்பு நடக்காதேன்னு, தச்சு வேலை கத்துக்க 'நவ ஜீவ நிலையம்' என்ற இடத்தையும் உண்டாக்கினார்.

அதே சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கினதுதான் 'ப்ளூட்டோ'. மேசையில் வைக்கும் சின்ன ரோபோ. ஒரே ஒரு மோட்டார். கைப்பிடியை மாத்தி மாத்திப் பொருத்தினா மணிக்கட்டை மடக்கலாம், முன்கையைத் திருப்பலாம், விரல்களைத் திறந்து மூடலாம். கை தடுமாறும் இடத்தில் மோட்டார் உதவும். திரையில் விளையாட்டு ஓடும். பொட்டி தட்டுறவன்கிற முறையில் எனக்கு அந்த விளையாட்டுதான் முதல்ல கண்ணுல பட்டுச்சு :-) ஆனா பெரிய விஷயம், ஒரு மோட்டாரோட நிறுத்திக்கிட்டதுதான். விரலுக்கொரு மோட்டார் வச்சா விலை எகிறும், வீட்டுக்கு வராது.

வீட்டுக்கு வர்றதுதான் முக்கியம். ஒரே அசைவை நூத்துக்கணக்கான தடவை செஞ்சாத்தான் மூளை திரும்பக் கத்துக்கும். வாரத்துக்கு ரெண்டு நாள், அரை மணி நேரம், ஆட்டோ செலவு... இதெல்லாம் போதாது. 2021-ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிசியோதெரபியை வீடு தேடிக் கொண்டுபோகலாம்னு காட்டினாங்க. அது மாதிரி வர்றவங்க கையில் இப்படி ஒரு கருவியும் இருந்தா? லெண்டிங் லைப்ரரி மாதிரி, ஒரு வீட்டுல ஒரு மாசம், அப்புறம் அடுத்த வீடு. எல்லாக் கையும் பழையபடி ஆகிடாது, தெரியும். ஆனா முயற்சி பண்ண ஒரு வாய்ப்பாவது கிடைக்கணும்.

பந்து விஷயத்தை பிசியோதெரபிஸ்ட்கிட்ட கேட்கச் சொல்லிட்டுக் கிளம்பினேன். "இப்ப முழம் என்ன விலை அத்தை?"ன்னு சும்மா கேட்டேன்.

"நான் கட்டுறப்ப சொல்றேன்யா"ன்னாங்க.