தூரத்தை எதைக்கொண்டு அளப்பது?



காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கடல் விமானம் வந்து இறங்குவதைக் கரையோர மலைகளில் கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அது உல்லாசப் பயணிகளுக்கான சேவை. அங்கிருந்து திருகோணமலையின் சீனக்குடா விமான நிலையத்துக்கு ஆகாய வழியில் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். சிறு விமானத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும்.

நமக்கு அது எவ்வளவு தூரம்?

1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு ஓடிய நம் சனங்கள் வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலை மாவட்டங்களில் குடியேறினார்கள். இன்றும் அங்கே நமக்கு மாமனும் சித்தியும் உண்டு. இலங்கைத்துறைப் பக்கம் ஒரு சாவு என்று இரவில் தகவல் வந்தால் என்ன செய்கிறோம்? விடியற்காலையில் லயத்திலிருந்து குன்றும் குழியுமான தோட்டப் பாதையில் நடக்கிறோம். ஹட்டனில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, தம்புள்ளை, ஹபரணை தாண்டித் திருகோணமலைக்குப் போய், பிறகு கிண்ணியா, மூதூர் வழியாகத் தெற்கே இறங்க வேண்டும். போய்ச் சேரும்போது பிரேதத்தை எடுத்திருப்பார்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள். இரண்டு நாளும் பேர் விழாது. நம் தூரத்தை அளக்கும் கோல் இதுதான்.

இந்தத் தூரத்தைக் குறைக்க முடியும். அதற்கு இலங்கைத்துறைக்குப் போகும் அந்தக் கரையோர வீதியே சாட்சி. சீனக்குடா விமான நிலையத்துக்கும் மட்டக்களப்பு விமான நிலையத்துக்கும் இடையே ஆகாய வழியில் சுமார் 108 கிலோமீற்றர். அது அன்றும் இன்றும் ஒன்றுதான். தரையில் அப்படியல்ல. முன்பு ஆறும் களப்பும் குறுக்கிட்ட இடங்களில் மிதவைப் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹபரணை, பொலன்னறுவை என்று 200 கிலோமீற்றருக்கு மேல் சுற்ற வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்து வெருகல் வரை மற்றப் பாலங்களும் வந்தன. இன்று கரையோரமாகப் போனால் சுமார் 130 கிலோமீற்றர்தான். மீனவரும் விவசாயியும் பள்ளிப் பிள்ளையும் அந்தப் பாலங்களில் போகிறார்கள்.

நமக்கு வேண்டிய பாலம் நம் தோட்டப் பாதை. கர்ப்பிணித் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது லொறி திணறுவது பிரதான வீதியில் அல்ல. லயத்துக்கும் அந்த வீதிக்கும் இடையிலுள்ள சில கிலோமீற்றரில்தான். "அது கம்பனிப் பாதை, சபைப் பணத்தைச் செலவிட முடியாது" என்று நெடுங்காலம் நமக்குப் பதில் சொன்னார்கள். அதற்கு 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டினார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள்ளும் சேவை செய்ய வழி திறந்தது. இனி அந்தப் பதிலை நாம் ஏற்க வேண்டியதில்லை.

ஆகவே தோட்டக் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டப் பாதையை நடந்து அளந்து, உடைந்த இடங்களைக் குறியுங்கள். ஆண்டிறுதியில் வரவுசெலவுத் திட்டம் வருமுன் பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியை நமது மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். ஹட்டனிலிருந்து திருகோணமலைக்கு நேரடி பஸ் சேவை கேட்டும் கையொப்பம் திரட்டுங்கள்.

விமானம் ஏரியில் இறங்கட்டும், நமக்கு வருத்தமில்லை. நம் வாசல்வரை ஒரு வண்டி வரவேண்டும்.