குறையுணர்தலும் இறைநம்பிக்கையும்

விழா மலர்களிலே நிறைகளை எழுதுவதே வழக்கம். பெற்ற பதவிகளும் வென்ற கேடயங்களும் வரிசையாக இடம்பெறும். அது தகும். ஆயினும், வலப்பனையிலே தமிழ் கற்பிக்கும் யான், பழைய மாணவரும் இளைய மாணவரும் ஒருங்கே படிக்கும் இம்மலரிலே, குறையைப்பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

நம் சமயம் மனிதனின் குறையை மறைத்ததில்லை. நெல்லுக்கு உமிபோலவும் செம்புக்குக் களிம்புபோலவும் உயிரோடு ஆணவமலம் அநாதியே உடனிருப்பது என்பது சைவசித்தாந்தம். 12ஆம் நூற்றாண்டிலே பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான், அந்நூலின் தலைவராகிய சுந்தரமூர்த்தி நாயனாரின் பிழையையும் ஒளியாது உரைத்தார். திருவொற்றியூரை விட்டு நீங்கேன் எனச் சங்கிலியாருக்குச் சூளுரைத்தவர், அதனை மீறி எல்லை கடந்து இரு கண்ணொளியும் இழந்தார். திருவெண்பாக்கத்திலே அவர் பெற்றது ஊன்றுகோல் ஒன்றே. காஞ்சியிலே இடக்கண் பெற்றார். திருவாரூரிலேதான் வலக்கண் கிடைத்தது. கண் முழுதும் வரட்டும், பின்னர் நடப்பேன் என்று அவர் வழியிலே அமர்ந்துவிடவில்லை. கோலூன்றியே நடந்தார்.

என் பிழையொன்றையும் கூறுவேன். பல்லாண்டுகளுக்கு முன், ஒரு மாணவன் எழுதிய அழகிய கட்டுரையை, "இது உன் எழுத்தன்று" என வகுப்பின் முன்னே இகழ்ந்தேன். அது அவன் எழுத்தே எனப் பின்னர் அறிந்தேன். ஆசிரியன் பிழைத்தான் எனத் தெரிந்தால் மதிப்புக் கெடுமே என்ற ஆணவம் இரு கிழமைகள் என் வாயை அடைத்தது. ஒருநாள் மாலை கோயிலிலே நின்றபோது ஓர் எண்ணம் எழுந்தது. என் பிழை முழுவதையும் அறிந்த இறைவன் என்னைத் தள்ளவில்லை. அங்ஙனமாயின் முப்பது பிள்ளைகளிடம் எதை மறைக்கின்றேன்? மறுநாள் அதே வகுப்பிலே மன்னிப்புக் கேட்டேன். அம்மாணவன் தலைகுனிந்திருந்தான். மன்னித்தானோ, இன்றும் அறியேன். ஆயினும் அன்றுமுதல், கொப்பிகளைத் திருத்தும் என் கை சற்றே நிதானிக்கின்றது.

குறையை ஏற்றுக்கொண்டால் முயற்சி குன்றாதோ என்பர் சிலர். "எல்லாம் அவன் செயல்" என்று கைகட்டியிருப்போரைக் கண்டு அவ்வாறு கூறுகின்றனர். அவர்கள் ஏற்றது குறையையன்று, சோம்பலையே. குறையை உள்ளபடி ஏற்றவன் அதை மறைக்கும் உழைப்பினின்றும் விடுபடுகின்றான். அவ்வுழைப்பு திருத்தத்திற்கு உதவும்.

மாணவர்களே, கொழுந்து பறித்து உங்களைப் படிக்கவைக்கும் தாயிடம், ஒரு பாடத்திலே தவறிய பெறுபேற்றை மறைக்காதீர்கள். கணிதம் வாராதெனின் வாராதென்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். பழைய மாணவர்களே, உயர்ந்த நிலையிலிருந்து கல்லூரிக்கு வரும்போது, நீங்கள் வென்ற கதையோடு தவறிய கதையையும் இவர்களுக்குச் சொல்லுங்கள். கோலூன்றி நடப்போருக்கு அதுவே பெருந்துணை.