இரக்கமும் சட்டமும்: ஒரு தெப்பப் பயணம் தரும் படிப்பினை

தென்னமெரிக்காக் கண்டத்தை மோட்டார் சைக்கிளிற் சுற்றப் புறப்பட்ட இரு இளைஞரின் கதையை இன்று அறியாதார் சிலரே. அவ்விருவருள் ஒருவரான எர்னெஸ்டோ குவேராவின் உருவம் நம் ஊர் முச்சக்கர வண்டிகளின் முதுகிலும், நடைபாதைக் கடைகளில் தொங்கும் மேற்சட்டைகளிலும் காட்சி தருகின்றது. உருவத்தைச் சுமப்போருள் எத்தனை பேர் அப்பயணத்தின் பொருளை எண்ணிப் பார்த்தனர்? அவரைப் போற்றுவோர் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். தூற்றுவோரோ பாதியிலிருந்தே தொடங்குகின்றனர். முழுக் கதையையும் ஒருங்கே வைத்து நோக்குவதே நேர்மை. அவ்வாறு நோக்கின், சட்டம் கற்றவர்க்கும் நிலம் உழுபவர்க்கும் அதில் ஒரு படிப்பினை உண்டு என்பது என் துணிபு.

1952ஆம் ஆண்டு ஜனவரி 4ஆந் திகதி புவனொஸ் அயர்ஸ் நகரிலிருந்து அவர்கள் புறப்பட்டனர். குவேராவுக்கு வயது 23; மருத்துவ மாணவர்; ஆஸ்துமா நோயாளி. அவருடைய நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவுக்கு வயது 29. தொழுநோய் பற்றிய ஆய்வில் ஈடுபட்ட உயிர் இரசாயனவியலாளர். ஏறிச் சென்றது 500 சீ.சீ. நோர்ட்டன் வண்டி. அதற்கு 'வல்லமை உடையவள்' என்னும் பொருள்படப் பெயரும் இட்டிருந்தனர். வல்லமை பெயரில் மட்டுமே இருந்தது. பலமுறை விழுந்து, கம்பியாற் கட்டப்பட்டு, இறுதியிற் சிலி நாட்டில் அது அடியோடு செயலிழந்தது. லொறியில் ஏற்றிச் சந்தியாகோ நகர்வரை கொண்டுசென்று, அங்கேயே கைவிட்டனர். உலகம் 'மோட்டார் சைக்கிள் பயணம்' என்று கொண்டாடும் அப்பயணத்தில், வண்டி அயன மண்டலத்தின் எல்லையைக்கூட எட்டவில்லை என்பதே உண்மை.

வண்டி போனதனால் விளைந்த நன்மை பெரிது. வண்டியிற் செல்பவன் வீதியைப் பார்க்கின்றான். வண்டியை இழந்தவனோ மனிதரைப் பார்க்கின்றான். அதன்பின் அவர்கள் லொறிகளின் மேல், மூட்டைகளோடும் ஆடுமாடுகளோடும் ஏழைக் குடியானவரோடும் ஒன்றாய் அமர்ந்து சென்றனர். சிலியின் வடபாலைவனத்தில், உலகின் மாபெரும் செப்புச் சுரங்கங்களுள் ஒன்றான சுக்கிக்கமாத்தாவுக்குச் செல்லும் வழியில், ஒரு தொழிலாளியையும் அவர் மனைவியையும் சந்தித்தனர். இரவுக் குளிரிற் போர்த்திக்கொள்ள அத்தம்பதியரிடம் ஒரு போர்வைதானும் இல்லை. இளைஞர் தம் போர்வைகளுள் ஒன்றைக் கொடுத்தனர். அத்தொழிலாளி மூன்று மாதஞ் சிறையிருந்தவர். செய்த குற்றம், பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்திருந்தமை. எவரும் விரும்பிச் செல்லாத கந்தகச் சுரங்கத்திலேனும் வேலை கிடைக்குமா எனத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்.

அக்கட்சியைத் தடைசெய்து, அதன் உறுப்பினரை வாக்காளர் இடாப்பிலிருந்தும் நீக்கிய 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் யாது தெரியுமா? 'ஜனநாயகத்தின் நிரந்தரப் பாதுகாப்புச் சட்டம்'! குடிமகனின் வாக்கைப் பறிப்பது ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பாம். நிரந்தரம் என்று பெயர்பூண்ட அது 1958இல் நீக்கப்பட்டது. ஒரு சட்டத்தை அதன் தலைப்பைக் கொண்டு மதிப்பிடலாகாது. அது யாருடைய போர்வையைப் பறிக்கின்றது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

பின்னர் பேரு நாட்டைக் கடந்து, லீமா நகரில் தொழுநோய் மருத்துவ அறிஞர் ஊகோ பெஸ்ஸே அவர்களின் ஆதரவைப் பெற்று, அமேசன் நதிக்கரையிலுள்ள சான் பாப்லோ தொழுநோயாளர் குடியேற்றத்தை அடைந்தனர். காட்டின் நடுவே ஏறக்குறைய 600 நோயாளர் குடிசைகளில் வாழ்ந்தனர். சல்போன் மருந்துகள் 1940களிலேயே வழக்குக்கு வந்துவிட்டன. எனினும் நோயைப் பார்க்கிலும் நோய் பற்றிய அச்சமே மனிதரை ஊரைவிட்டு விரட்டிற்று. இவ்விளைஞரோ கையுறையின்றி அந்நோயாளரின் கைகளைப் பற்றினர், அவரோடு பந்து விளையாடினர், அருகிருந்து உரையாடினர். ஜூன் 14ஆந் திகதி தம் 24ஆவது பிறந்தநாளில் அங்கேதான், அமெரிக்கக் கண்டத்தின் எல்லைக்கோடுகள் பொய்யானவை, மெக்சிக்கோ தொடங்கி மகெல்லன் நீரிணைவரை மக்கள் ஒரே இனத்தவர் என்னும் கருத்துப்படக் குவேரா பேசினார்.

பிரியாவிடை இரவில், கொட்டும் மழையில், நோயாளர் ஒரு வள்ளத்தில் வந்து அவர்களுக்காகப் பாடினர். பாடியவருக்குக் கண் பார்வை இல்லை. அக்கோர்டியன் வாசித்தவருக்கு வலக்கையில் விரல்கள் இல்லை. மணிக்கட்டிற் குச்சிகளைக் கட்டிக்கொண்டு வாசித்தார். இதனைக் குவேரா தம் தாயாருக்கு எழுதிய கடிதத்திற் குறித்துள்ளார்.

அங்கிருந்து 'மம்போ - டேங்கோ' என்று பெயரிடப்பெற்ற தெப்பமொன்றில் அமேசன் வழியே புறப்பட்டனர். சேரவேண்டிய இடம் கொலம்பிய எல்லையிலுள்ள லெத்தீசியா. ஆனால், இரவில் இருவரும் உறங்கிவிட்டனர். விழித்தபோது லெத்தீசியா பின்னே போய்விட்டது. தெப்பம் பிரேசில் நாட்டுக்குள் மிதந்துகொண்டிருந்தது. நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லத் தெப்பத்தால் முடியாது. வேறு தோணி தேடியே திரும்ப வேண்டியதாயிற்று.

இத்தெப்பத்தை நான் ஓர் உவமையாகக் கொள்கின்றேன். இரக்கம் மனிதனைக் கரையிலிருந்து புறப்படச் செய்யும். அதனிடம் சுக்கான் இல்லை. உணர்ச்சியின் ஓட்டம் எங்கே கொண்டுபோகின்றதோ அங்கே அதுவும் போகும். ஏழாண்டுகளின் பின் நிகழ்ந்தது என்ன? 1959இன் முற்பகுதியில் ஹவானாவின் லா கபாஞா கோட்டைக்கு அதிபதியாய் இருந்தவர் அதே குவேரா. புரட்சி நீதிமன்றங்கள் விதித்த தண்டனைகளின் மேன்முறையீடுகள் அவர் முன்னிலைக்கே வந்தன. விரைந்து நடந்த விசாரணைகளின் முடிவிற் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர் அதனை மறைத்தாருமல்லர்; 1964 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். கொல்லப்பட்டோருட் கொடியோர் இருந்தனர் என்பர். இருக்கலாம். கொடியோன் என்பதை எண்பிப்பதற்கே விசாரணை வேண்டும். விசாரணைக்கு முன்பே அது தெரியுமாயின், நீதிமன்றம் எதற்கு?

அதே 1959இன் ஆகஸ்ட் மாதத்தில் அவர் இலங்கைக்கு வந்து, ஹொரணையை அண்டிய யஹலகெலே றப்பர்த் தோட்டத்தில் ஒரு மகோகனிக் கன்றை நாட்டினார். நோயாளியின் கையைப் பற்றிய கையும், மரண தண்டனையை உறுதிசெய்த கையும், அக்கன்றை நட்ட கையும் ஒன்றே.

இதனைக் கூறி, சட்டமே தூயதென்று நம் தொழிலைச் சார்ந்தோர் மார்தட்ட இடமில்லை. இரக்கமற்ற சட்டம் செய்த கொடுமைக்கு நம் நாடே சான்று. ஒல்லாந்தர் காலத்தில் ஹெந்தளையில் தொழுநோயாளர் வைத்தியசாலை எழுந்தது. 1901ஆம் ஆண்டிலே தொழுநோயாளரைப் பிரித்து அடைத்துவைக்க அதிகாரம் அளிக்கும் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அத்தீவுக்குத் தோணியேறியவர் எக்குற்றமும் இழைத்தவரல்லர். அச்சட்டத்தை வரைந்தவர்கள் சட்டம் நன்கு கற்றவர்களே. அயலில் இந்தியாவோ 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டத்தை நீக்க 2016வரை காத்திருந்தது; 2019இலேதான் அந்நோயை மணமுறிவுக்குரிய காரணம் என்னும் நிலையிலிருந்து அகற்றியது. பல மருந்துகளை இணைத்துக் கொடுத்து நோயை முற்றாய் மாற்றும் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இலேயே பரிந்துரைத்திருந்தது! மருந்து வந்து 35 ஆண்டுகளின் பின்னரே சட்டம் விழித்தது.

ஆகவே, இரண்டும் வேண்டும். இரக்கமில்லாச் சட்டம் மாந்தீவைப் படைக்கும்; சட்டமில்லா இரக்கம் லா கபாஞாவில் முடியும். அரசியலில் இறங்கும் இளைஞன் முதலிற் சான் பாப்லோவுக்குப் போகட்டும். திரும்பி வந்து, தன் பகைவனுக்கும் நீதியான விசாரணை உண்டு என்னும் விதியைக் கற்கட்டும்.

இன்று நாம் செய்யத்தக்கது யாது? நம் வைத்தியர்களே, ஆசிரியர்களே, கமக்காரப் பெருமக்களே! தொழுநோய் இந்நாட்டில் ஒழிந்துவிடவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்திலும் பிறவிடங்களிலும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். உணர்ச்சியற்ற தேமல் தோலிற் கண்டால் ஒளிக்காது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சை இலவசம், குணம் உறுதி. மாறி வந்தவரை வயலிலும் சபையிலும் கோவில் வீதியிலும் ஒதுக்காதீர்கள். சட்டத்தரணிகளோ, நோயைக் கொண்டு மனிதனைத் தரம் பிரிக்கும் சொல் எந்தச் சட்டத்தில் எஞ்சியிருப்பினும், அதனை நீக்குமாறு கோர முன்வர வேண்டும். முச்சக்கர வண்டியில் உருவத்தை ஒட்டுவதைக் காட்டிலும் இதுவே அப்பயணத்துக்குச் செய்யும் மரியாதையாகும்.