கடல் கடந்த மடல்கள்

கடிதம் என்பது இருவருக்கிடையே நிகழும் உரையாடல். மூன்றாமவர் அதனைப் படிக்கலாமா? படிக்கலாமெனில் எதுவரை? மறைந்த எழுத்தாளரின் மடல்களைத் தொகுக்க முற்படுவோர் இவ்வினாக்களிலிருந்து தப்ப இயலாது. ஸ்காட்லாந்து நாவலாசிரியர் இராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் (1850–1894) மடல்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

‘புதையல் தீவு’ என்னும் புகழ்பெற்ற நாவலைப் படைத்த அவர், எடின்பரோவில் பிறந்தவர். நோயின் காரணமாக நாடுகள் பல அலைந்து, பசிபிக் பெருங்கடலிலுள்ள சமோவாவில் மறைந்தவர். நிலையாக ஓரிடத்தில் தங்காத அவ்வாழ்வில் நட்பு மடல்களாலேயே தழைத்தது. இன்று கிடைப்பவை ஏறத்தாழ 2,800.

அவற்றுள் சில சிரிக்க வைப்பவை. கிறித்துமசு நாளில் பிறந்ததால் தனக்கெனத் தனிப் பிறந்தநாள் இல்லையே என ஏங்கிய ஆனி ஐடு என்னும் சிறுமிக்கு, 1891இல் தம் பிறந்தநாளையே எழுதிக்கொடுத்தார் ஸ்டீவன்சன். சட்டம் பயின்றவர் அல்லவா! முறையான பத்திரமாகவே அதனை வரைந்தார். சிறுமி அந்நாளை உரியவாறு கொண்டாடாவிடில், அவ்வுரிமை அமெரிக்கக் குடியரசுத் தலைவரைச் சேரும் என்பது நிபந்தனை!

வேறு சில மனத்தைக் கனக்கச் செய்பவை. 1873இல் சமய நம்பிக்கை குறித்துத் தந்தை கேட்க, இளைஞரான மகன் உண்மையை மறைக்காமல் உரைத்தார். வீடே துயரில் ஆழ்ந்தது. பெற்றோருக்குத் தாம் ஒரு சாபமாகிவிட்டதாக நண்பர் சார்லசு பாக்சுடருக்கு எழுதினார். 1888இல் மற்றொரு புயல். ஸ்டீவன்சனின் மனைவி ஃபேனி வெளியிட்ட சிறுகதை பிறருடையது எனக் குற்றஞ்சாட்டி, நெருங்கிய நண்பர் ஹென்லி மடலொன்று வரைந்தார். ஒரு காலை இழந்தும் உறுதி குன்றாத அந்த ஹென்லிதான் ‘புதையல் தீவின்’ ஜான் சில்வர் உருவாகக் காரணமானவர். அதனை ஸ்டீவன்சனே அவருக்கு எழுதியிருந்தார். அத்தகைய நட்பு முறிந்த வேதனையில், இன்பமாக வாழ்ந்த பிரான்சின் இயேர் நகரிலேயே தாம் இறந்திருக்கலாகாதா எனப் பாக்சுடரிடம் புலம்பினார்.

இம்மடல்களை அச்சிடலாமா? சமோவாவிலிருந்து சிட்னி கால்வினுக்கு நாட்குறிப்பாக எழுதிவந்த மடல்கள் தமக்குப் பின் நூலாகலாம், அவற்றைத் தொலைத்துவிட வேண்டா என்று 1892இல் ஸ்டீவன்சனே குறிப்பிட்டார். காடு திருத்தியதும் தொட்டாற்சுருங்கியோடு போராடியதும் நிறைந்த மடல்கள் அவை. ஆனால், பாக்சுடருக்குக் கண்ணீரோடு எழுதியவற்றுக்கு இவ்விசைவு பொருந்துமா? பொருந்தாது என்றே கொள்ளவேண்டும்.

1899இல் மடல்களைப் பதிப்பித்த கால்வின், பல பகுதிகளை நீக்கினார். ஃபேனியும் ஹென்லியும் அன்று உயிரோடிருந்தனர்; உயிரோடிருப்போரைப் புண்படுத்தாமை பதிப்பாசிரியரின் கடமை. அவ்வளவில் அவரைக் குறைகூற இயலாது. ஆயினும், விடுபட்டவை புண்படுத்துவன மட்டுமல்ல. முரட்டுச் சொற்களும் சினமும்கூடக் குறைக்கப்பட்டன. விளைவாக, சர்க்கரையில் வார்த்த பொம்மை போன்ற ஒருவரை உலகம் கண்டது. 1901இல் உறவினர் எழுதிய வாழ்க்கை வரலாறும் அப்பொம்மைக்கு மெருகேற்ற, தாம் அறிந்த நண்பர் இவரல்லர் என்று ஹென்லி சீறினார். அவர் சொற்களில் காழ்ப்பு மிகுதி. ஆனால், உண்மையும் இருந்தது.

காலந்தாழ்த்தி வெளியிடுவது வேறு, திருத்தி வெளியிடுவது வேறு. முன்னது பண்பாடு; பின்னது இறந்தவர் வாயில் பிறர் மொழியை வைப்பதற்கு ஒப்பாகும். தொடர்புடையோர் அனைவரும் மறைந்தபின், 1994–95இல் யேல் பல்கலைக்கழகம் மடல்களை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. ஆனிக்கு அளித்த பத்திரம் அதில் உள்ளது. இயேரில் இறந்திருக்கலாமே என்ற புலம்பலும் உள்ளது.