ஆசானை மறுத்த மாணவர்கள்

பிழையான கொள்கையைக் கற்பித்த ஒருவரை நல்லாசிரியர் என்று போற்றலாமா? போற்றலாம் என்பதே என் கருத்து. ஜெர்மானிய நிலவியல் பேராசிரியர் ஆபிரகாம் காட்லோப் வெர்னரின் வாழ்க்கையே அதற்குச் சான்று.

1749-இல் பிறந்த வெர்னர் இரும்பாலை மேற்பார்வையாளர் ஒருவரின் மகன். நிறம், பளபளப்பு, கடினம் முதலிய புறப்பண்புகளைக் கொண்டு கனிமங்களை அறியும் முறையை 1774-இல் நூலாக வெளியிட்டார். மறு ஆண்டே சாக்சனியிலுள்ள ஃபிரைபெர்க் சுரங்கவியல் கல்லூரியில் ஆசிரியரானார். 1817-இல் மறையும் வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கேயே கற்பித்தார். அவர் எழுதியது குறைவு. வகுப்பறையே அவரது புகழை வளர்த்தது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் அவரை நாடி வந்தனர்.

அவரது கொள்கை யாது? ஆதியில் உலகைப் பெருங்கடல் ஒன்று மூடியிருந்தது. கிரானைட்டும் பசால்ட்டும் அந்நீரிலிருந்து படிந்தவை. நிலத்தடி நிலக்கரி எரிவதே எரிமலைக்குக் காரணம் என்றார். அவ்விரு பாறைகளும் உருகிய குழம்பு இறுகி உண்டானவை என்பதை இன்று நிலவியல் முதலாண்டு மாணவரும் அறிவர்.

அக்கொள்கையை அசைத்தவர்களுள் முன்னின்றவர்கள் அவருடைய மாணவர்களே! சாக்சனியின் பசால்ட்டு நீரில் தோன்றியது என்று 1803-இல் நூல் எழுதிய தோபுய்சோன், பின்னர் பிரான்சின் ஓவெர்ன் எரிமலைகளை நேரில் கண்டதும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். லியோபோல்ட் ஃபான் புக் என்பவரும் அங்கே கண்டவற்றால் பசால்ட்டு நெருப்பில் பிறந்தது என்ற முடிவுக்கு வந்தார். ஹம்போல்ட் ஆண்டீஸ் எரிமலைகளில் ஏறி ஆராய்ந்தார்.

இவர்கள் குருத்துரோகிகளா? அல்லர். பாறையை உற்றுநோக்கு, அடுக்கின் வரிசையைப் பார், பிறகு பேசு என்று பழக்கியவர் வெர்னரே. அவர் தந்த கண்களால்தான் அவர் காணாததை அவர்கள் கண்டனர். அவருக்குப் பின் ஃபிரைபெர்க்கில் அவரது இடத்திற்கு வந்த மாணவர் மோஸ் வகுத்த கடின அளவுகோலை நாம் இன்றும் பயன்படுத்துகிறோம்.

வெர்னரின் செல்வாக்கு நிலவியலின் வளர்ச்சியைத் தடுத்தது என்பாரும் உளர். அதில் ஓரளவு உண்மை உண்டு. சாக்சனிக்கு அப்பால் அதிகம் பயணம் செய்யாத அவர், அதையே உலகுக்கு அளவாகக் கொண்டார். ஆயினும் அக்குறையை நீக்கும் ஆற்றலையும் அவரது வகுப்பறையே தந்தது அன்றோ?

மாணவ நண்பர்களே! வகுப்பில் எழுதிய குறிப்பை அப்படியே விடைத்தாளில் ஒப்புவிப்பதே ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மதிப்பெண் கிடைக்கும், அறிவு வளருமா? நேரில் பார்த்து, பணிவோடு வினவி, சான்று காட்டி மறுக்கும் மாணவனே ஆசிரியருக்குப் பெருமை சேர்ப்பவன். அத்தகைய வினாவை முகம் சுளிக்காமல் ஏற்குமாறு நம் பேராசிரியப் பெருமக்களையும் அன்புடன் வேண்டுகிறேன்.