சுழலும் பந்தும் மயங்கும் கண்ணும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை கிளிவெட்டியிலுள்ள உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அதனைச் சிறிதும் பொருட்படுத்தாது, வயலோரத் தரிசிலே சிறுவர் சிலர் மென்பந்துக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். நட்டு வைத்த மூன்று தடிகளே விக்கெட்டு. தென்னம் மட்டையே துடுப்பு. ஆட்டத்தைவிடச் சச்சரவே மிகுந்திருந்தது. பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவனொருவன் கண் கலங்கி ஒதுங்கி நின்றான்.

"சேர், இவன் பந்து போடுறேல்ல, எறியிறான். இவனை இனிச் சேர்க்க மாட்டம்" என்று மற்றவர்கள் எம்மிடம் முறையிட்டனர். பௌதிகம் படிப்பிக்கும் ஆசிரியர் ஊருக்கு வந்தால் இத்தகைய வழக்குகளும் அவர் தலையில்தான் விழும் போலும்!

ஒரு பந்து வீசிக் காட்டுமாறு அவனைக் கேட்டோம். பாதி வழிக்கு மேல் நேராக வந்த பந்து, பின்னர் துடுப்பாட்டக்காரனை விட்டு விலகுவது போலச் சாய்ந்து, நிலத்தைத் தொட்டதும் எதிர்ப்புறமாகத் திரும்பி அவன் கால்களை நோக்கிப் பாய்ந்தது. "எறிந்தாலொழியப் பந்து காற்றிலே இப்படி வளையுமா?" என்பது சிறுவர் வாதம். நேயர்களே, இதில் இரண்டு வழக்குகள் பிணைந்து கிடக்கின்றன. பந்து ஏன் வளைந்தது என்பது ஒன்று. கை எறிந்ததா என்பது மற்றொன்று.

முதல் வழக்கிற்கு வீட்டிலேயே சான்று தேடலாம். ஒரு தாளை உருளையாகச் சுருட்டி ஒட்டுங்கள். மேசை விளிம்பிலே முடியுமாறு ஒரு பலகையைச் சாய்வாக வைத்து, அதன்மேல் அவ்வுருளையை உருளவிடுங்கள். விளிம்பைக் கடந்து முன்னே சென்று விழவேண்டிய உருளை, பின்னோக்கி வளைந்து மேசைக்கு அடியில் வந்து விழும். உருண்டதனாற் பெற்ற சுழற்சியே அதனை வளைத்தது. சுழலும் பொருள் தன் மேற்பரப்பை ஒட்டிய காற்றையும் உடன் இழுத்துச் சுற்றுகிறது. அதனால் அப்பொருளைக் கடந்து பின்னே செல்லும் காற்று ஒரு புறமாகச் சாய்க்கப்படுகிறது. காற்றைப் பந்து ஒரு புறம் தள்ளினால், காற்று பந்தை மறுபுறம் தள்ளுமன்றோ? டெனிஸ் பந்து இவ்வாறு வளைவதை நியூட்டன் 1672ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். 1852இல் இதனைச் சோதனை மூலம் ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் மக்னஸின் பெயரே இவ்விளைவுக்கு நிலைத்துவிட்டது.

சுழற்சி ஒன்றேயாயினும், அச்சு எத்திசையில் உள்ளது என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது. பந்தின் மேற்பகுதி முன்னோக்கிச் சுழன்றால் பந்து விரைவில் தாழும். பின்னோக்கிச் சுழன்றால் தாழ்வது குறையும். துப்பாக்கிக் குண்டைப் போல, செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழன்றால் பக்கவாட்டில் எவ்விசையும் இராது. கிளிவெட்டிச் சிறுவனின் பந்து ஏறத்தாழ இவ்வகையினது. பம்பரம் தன் அச்சை எளிதில் மாற்றாதது போலப் பந்தும் தன் அச்சை மாற்றாது. ஆனால் அதன் பாதையோ போகப் போகக் கீழ்நோக்கிச் சாய்கிறது. அச்சும் பாதையும் பிரிந்தபின்னரே காற்று அதனைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்குகிறது. கடைசி நேரத்தில் அது விலகியதன் இரகசியம் இதுவே.

மற்றொன்றும் உண்டு. கிரிக்கெட் பந்தின் எடை ஏறத்தாழ 160 கிராம். டெனிஸ் பந்தோ 60 கிராமுக்கும் குறைவு. பருமனில் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஆகவே காற்றின் அதே தள்ளுதல் மென்பந்தை ஏறத்தாழ மும்மடங்கு அசைத்துவிடும். போதாக்குறைக்கு, அன்று கச்சானை எதிர்த்தல்லவா அவன் வீசினான்! சென்னைத் தெருக்களில் டெனிஸ் பந்தைச் சொடக்குப் போடுவது போல விரலாற் சுண்டி வீசும் வழக்கம் உண்டு. அஸ்வின் அந்த வித்தையைக் கடினப் பந்துக்கும் கொண்டு சென்றார்.

மென்பந்து என்னும் பெயரிலேயே அமெரிக்கர் வேறோர் ஆட்டம் ஆடுகின்றனர். சொஃப்ட்போல் எனப்படும் அதில், பெண்கள் 43 அடித் தொலைவிலிருந்து கையைக் கீழாகச் சுழற்றி அதிவேகமாகப் பந்து வீசுகின்றனர். பின்னோக்கிச் சுழலுமாறு அவர்கள் வீசும் ஒரு பந்து வழியிலே மேலே எகிறுவதாகத் துடுப்பாட்டக்காரர் சத்தியம் செய்வர். இடுப்பளவில் விடப்பட்ட பந்து மேல்நோக்கிச் செல்வது உண்மையே. ஆயினும் இடையிலே அது திடீரென எகிறுவதில்லை. புவியீர்ப்பை முற்றிலும் வெல்ல அச்சுழற்சி போதாது. வழக்கமான பந்து தாழும் அளவு இது தாழாததால், எதிர்பார்த்த இடத்திற்கு மேலே வருகிறது. கண் அதனை எகிறல் என்கிறது.

கண்ணின் இம்மயக்கத்தால் நம் நாட்டு வீரரொருவர் பட்ட பாடு சிறிதன்று. கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனின் பந்து வீச்சை, 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேண் மைதானத்தில், எறிதல் என்று கூறி நடுவர் டரல் ஹேயர் ஏழு முறை தள்ளினார். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுவதும் நீளாதது. மடங்கிய கையால் வீசுவது குற்றமன்று. வீசும்போது மடக்கிய கையை நிமிர்த்துவதே குற்றம். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழகங்களில் நடந்த சோதனைகள், எறிவது போலத் தோன்றுவது வெறுந்தோற்றமே என்று கூறின. ஐயம் அதனோடு தீரவில்லை. 2004இல் அவர் முழங்கை அசையாதவாறு கவசம் பூட்டிக்கொண்டு படப்பிடிப்புக் கருவிகளின் முன் வீசிக் காட்டினார். அப்பொழுதும் பந்து திரும்பியது. பந்து வீச்சாளர் பெரும்பாலாரின் கையும் சிறிது நிமிரவே செய்கிறது என்பது அளந்து பார்த்தபின் தெரியவந்தது. 2005 முதல் எல்லோருக்கும் 15 பாகை வரை அனுமதி அளிக்கப்பட்டது. 2010 யூலை 22இல், காலியில், தம் டெஸ்ட் வாழ்வின் கடைசிப் பந்தில் அவர் 800ஆவது விக்கெட்டைப் பெற்றார்.

நம் சிறுவனின் கையும் மரத்திலிருந்து விழுந்து முறிந்து, சற்று வளைந்தே கூடியிருந்தது. இரண்டு மூங்கிற் சிலாகைகளை எடுத்து, அவன் முழங்கையின் இருபுறமும் வைத்து, எம் சால்வையைக் கிழித்துக் கட்டினோம். (வீட்டில் அதற்குக் கணக்குக் கொடுக்க நேர்ந்தது வேறு கதை.) "இப்பொழுது வீசு, தம்பி" என்றோம்.

முதற்பந்து எங்கோ போயிற்று. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவது பந்து விலகி, விழுந்து, திரும்பி, நடுத்தடியைச் சாய்த்தது. முறையிட்டவர்களுள் பெரியவன் தானே சென்று கட்டை அவிழ்த்துவிட்டு, "அடுத்த ஓவரும் நீயே போடு" என்றான். அந்த ஓவரின் முதற்பந்தையே ஒருவன் ஓங்கி அடிக்க, அது வேலியைக் கடந்து பற்றைக்குள் விழுந்தது. இருட்டும்வரை நாமும் அவர்களோடு சேர்ந்து தேடினோம்.